கடிதம் வந்ததைச் சொல்லும் இயந்திரம்

கடிதப் போக்குவரத்தில் மூன்று வேலைகள் அடங்கியிருக்கின்றன. கடிதத்தை எழுதுவது ஒன்று. எழுதியதை உரிய இடத்தில் கொண்டு சேர்ப்பது மற்றொன்று. அது வந்து சேர்ந்திருக்கிறது என்று உரியவருக்குத் தெரிவிப்பது மூன்றாவது. இந்த மூன்றாவதை நாம் தனி வேலையாக எண்ணுவதே இல்லை. நம் தெருவுக்கு வரும் தபால்காரர் இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒரே நொடியில் செய்துவிடுவதுதான் காரணம். வாசலில் நின்று "தபால்!" என்று குரல் கொடுக்கிறார், கடிதமும் வந்துவிட்டது, வந்த செய்தியும் வீட்டாருக்குத் தெரிந்துவிட்டது.

தபால்காரரே இல்லாத ஒரு தபால் முறையைச் சற்றே கற்பனை செய்து பாருங்கள். கடிதம் எங்கோ ஒரு பெட்டிக்குள் வந்து விழுந்து கிடக்கிறது. உரியவர் தாமாகப் போய்த் திறந்து பார்த்தாலன்றி அது வந்த செய்தி அவருக்குத் தெரியாது. அமெரிக்காவில் 1978-ஆம் ஆண்டில் தோன்றி, சுமார் 20 ஆண்டுகள் செழித்திருந்த ஒரு தபால் முறை ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. அந்த மூன்றாவது வேலையை அதில் ஒரு சிறு நிரலிடம் எவ்வாறு ஒப்படைத்தார்கள் என்பதே இன்றைய பேச்சின் பொருள். நிரல் என்பது கணிப்பொறிக்கு நாம் எழுதித் தரும் கட்டளைத் தொகுப்பு என்பதை மாணவ நண்பர்கள் அறிவார்கள்.

1978 ஜனவரியில் சிகாகோ நகரில் பெரும் பனிப்புயல் வீசியது. வீட்டை விட்டு வெளியே வர இயலாத அந்த நாட்களில் வார்ட் கிறிஸ்டென்சன், ராண்டி சூஸ் என்ற இரு நண்பர்களுக்கு ஓர் எண்ணம் உதித்தது. அவர்கள் சேர்ந்திருந்த கணிப்பொறிச் சங்கத்தில் உறுப்பினர்கள் துண்டுச் சீட்டுகளைக் குத்தி வைக்கும் அறிவிப்புப் பலகை ஒன்று உண்டு. அதையே ஒரு கணிப்பொறிக்குள் வைத்து, தொலைபேசி மூலம் யாரும் படிக்கவும் எழுதவும் செய்தால் என்ன? அவ்வாண்டு பிப்ரவரி 16-இல் அந்தப் பலகை பொது வழக்கத்துக்கு வந்தது. பலகை என்ற பெயர்தான் நிலைத்ததே தவிர, அங்கே இருந்தது ஒரு சிறு கணிப்பொறியும், மோடம் என்ற கருவியால் அதனோடு பிணைக்கப்பட்ட ஒரு தொலைபேசிக் கம்பியுமே. மோடம் கணிப்பொறியின் குறிகளை ஓசையாக மாற்றிக் கம்பியில் விடும். வருகின்ற ஓசையை மீண்டும் குறிகளாக்கும். அக்காலத்து மோடம் நொடிக்குச் சுமார் 30 எழுத்துகளை அனுப்பும். 2000 எழுத்துள்ள கடிதம் ஒன்று நகர்ந்து முடிய ஒரு நிமிடத்துக்கு மேலாகும்.

கம்பி ஒன்றே ஒன்று என்பதை மனத்தில் கொள்ளுங்கள். ஒருவர் பலகைக்குள் இருந்தால் மற்றவர்க்கு 'எங்கேஜ்டு' ஒலிதான் கேட்கும். தமக்குக் கடிதம் ஏதேனும் வந்திருக்கிறதா என்று பார்க்க ஒருவர் பத்து முறை முயன்று, பதினோராவது முறை உள்ளே நுழைந்து, ஒன்றுமில்லை என்று கண்டு வெளியேறுவார். அவருடைய காசும் போயிற்று. உண்மையாகவே வேலையுள்ள மற்றொருவரின் வழியும் அடைபட்டது. வெறுங்கையோடு திரும்பும் இத்தகைய அழைப்புகளைக் குறைப்பதே அறிவிப்பு நிரலின் முதல் பயன்.

பலகைகள் ஊர்தோறும் பெருகின. ஆயினும் ஒரு பலகையில் எழுதிய கடிதம் அந்தப் பலகையை விட்டு வெளியே போகாது. 1984-இல் சான் பிரான்சிஸ்கோவில் இருந்த டாம் ஜென்னிங்ஸ் இதற்கு ஒரு வழி கண்டார். அமெரிக்காவின் மறுகரையில் பால்டிமோரில் இருந்த ஜான் மாடில் என்பவரின் பலகையோடு தம் பலகை தானாகவே தொலைபேசியில் பேசிக் கடிதங்களை மாற்றிக்கொள்ளுமாறு செய்தார். இதுவே ஃபிடோநெட் என்ற வலையின் தொடக்கம். ஃபிடோ என்பது அந்நாட்டில் நாய்க்கு வைக்கும் பெயர். எங்கெங்கோ பொறுக்கிய உறுப்புகளால் ஆன ஒரு கணிப்பொறியைக் கலப்பின நாயோடு ஒப்பிட்டு வேடிக்கையாகச் சூட்டிய பெயர் அது. பின்னர் நிரலுக்கும் வலைக்கும் அதுவே நிலைத்தது.

நாய் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அதற்கு 4 ஆண்டுகளுக்கு முன், 1980-இல், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கடிதம் வந்தவுடன் திரையில் அறிவிக்கும் நிரல் ஒன்றை எழுதினார்கள். அங்கே வளைய வந்துகொண்டிருந்த பிஃப் என்ற நாயின் பெயரை அதற்கு இட்டார்கள். தபால்காரரைக் கண்டால் குரைக்கும் நாய் என்பதால் அப்பெயர் வந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. கதை நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மையன்று. நாம் கவனிக்க வேண்டியது வேறு. பெர்க்லியில் பலரும் ஒரே பெரிய கணிப்பொறியின் முனைகளில் அமர்ந்திருந்தார்கள். எதிரில் இருப்பவரிடம் "கடிதம் வந்திருக்கிறது" என்று சொல்வது எளிது. ஃபிடோநெட்டிலோ உரியவர் எதிரில் இல்லை. அவர் எப்போது வருவார் என்பதும் தெரியாது. அவருக்குச் சொல்ல வேண்டுமானால் மற்றொரு கடிதம்தான் எழுத வேண்டும்! இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

அதைப் பார்ப்பதற்கு முன் ஃபிடோநெட்டின் கடிதம் எப்படிப் பயணம் செய்தது என்று அறிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் இரவு 11 மணிக்குப் பின் தொலைதூரத் தொலைபேசிக் கட்டணம் பெரிதும் குறையும். ஆகவே வட அமெரிக்கப் பலகைகள் எல்லாம் மேற்குக் கரைக் கணக்கில் நள்ளிரவு 1 மணி முதல் 2 மணி வரை கடிதப் பரிமாற்றத்துக்கென்றே ஒதுக்கின. அந்த ஒரு மணி நேரம் மனிதர்களுக்குப் பலகையில் இடமில்லை. இயந்திரமும் இயந்திரமும் ஒன்றையொன்று அழைத்துக் கட்டுக் கட்டாகக் கடிதங்களை மாற்றிக்கொள்ளும். ஒவ்வொரு பலகைக்கும் மண்டலம், வலை, கணு என்ற வரிசையில் எண்களால் ஆன முகவரி உண்டு. எந்த முகவரிக்கு எந்தத் தொலைபேசி எண் என்பதைக் காட்டும் பட்டியல் வாரந்தோறும் புதுப்பிக்கப்பட்டது.

அப்பட்டியலில் ஓர் இலக்கம் பிழையானால் என்ன ஆகும்? நடு இரவில் தொடர்பே இல்லாத ஒரு வீட்டில் தொலைபேசி ஒலிக்கும். உறக்கம் கலைந்து எழுந்து வந்து எடுத்தால் மனிதக் குரல் கேட்காது. தவறான எண்ணை அழைத்த மனிதர் மன்னிப்புக் கேட்டு விலகுவார். இயந்திரம் சில நிமிடம் கழித்து மீண்டும் அழைக்கும், மறுபடியும் அழைக்கும். அதே பட்டியலைக் கையில் வைத்துள்ள வேறு பத்து இயந்திரங்களும் அதே வீட்டை அழைக்கக்கூடும். தானியங்கும் எந்த ஏற்பாட்டையும் அமைப்பவர் இந்த வீட்டை மறக்கலாகாது.

இனி நிரலை அமைக்கும் வேலைக்கு வருவோம். பலகையை நடத்துபவரின் கணிப்பொறியில் பெரும்பாலும் டாஸ் என்ற இயக்கமுறை இருந்தது. அதில் ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் ஓடும். தொலைபேசியை எடுத்துக் கட்டுகளை வாங்கும் நிரல் ஒன்று. கட்டைப் பிரித்து அந்தந்தப் பெட்டியில் கடிதங்களைப் போடும் நிரல் மற்றொன்று. மனிதர்களை வரவேற்கும் பலகை நிரல் இன்னொன்று. இவற்றை வரிசையாக ஓட்டுவது பேட்ச் கோப்பு எனப்படும் கட்டளைச் சீட்டு. நம்முடைய அறிவிப்பு நிரலுக்கு இந்த வரிசையில் இடம் எங்கே? கட்டுகளைப் பிரித்து முடித்த பிறகு, வெளியே செல்லும் கடிதங்களைக் கட்டுவதற்கு முன்பு. பிரிப்பதற்கு முன் ஓட்டினால் அறிவிப்பதற்கு ஒன்றும் இராது. கட்டிய பின் ஓட்டினால் அறிவிப்பு மறுநாள் இரவு வரை காத்துக் கிடக்கும்.

இங்கே இளைஞர்கள் பலர் இடறி விழுந்த ஒரு கல்லைக் காட்டிவிடுகிறேன். டாஸில் ஒரு நிரல் முடியும்போது, தான் என்ன செய்தது என்பதைக் குறிக்க ஓர் எண்ணை விட்டுச் செல்லும். கடிதம் வந்திருந்தால் 50 என்றும், மனிதர் அழைத்திருந்தால் 20 என்றும் வைத்துக்கொள்வோம். "எண் 20 ஆனால் பலகையைத் திற" என்று பேட்ச் கோப்பில் முதலில் எழுதுகிறோம். கடிதம் வந்து 50 என்ற எண் கிடைத்தபோதும் இயந்திரம் பலகையைத்தான் திறக்கும்! காரணம், டாஸின் அந்தக் கட்டளைக்கு "20-க்குச் சமம்" என்பது பொருளன்று. "20 அல்லது அதற்கு மேல்" என்பதே பொருள். ஆகவே பெரிய எண்ணை முதலிலும் சிறிய எண்ணைப் பின்னரும் எழுத வேண்டும். இந்த வரிசை மாறினால் நிரல் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தும் ஒருநாளும் ஓடாது. பிழை எங்கே என்றும் எளிதில் புலப்படாது.

அடுத்து, நிரல் எதைப் படிக்க வேண்டும்? ஃபிடோநெட் கடிதத்தின் தலைப்பகுதி நம் தபால் உறையைப் போன்றது. அனுப்பியவர் பெயருக்கு 36 எழுத்திடம், பெறுபவர் பெயருக்கு 36, பொருளுக்கு 72, நாளுக்கும் நேரத்துக்கும் 20 என்று அளவு வகுத்திருந்தார்கள். இவற்றோடு ஆம், இல்லை என்ற இரண்டே நிலைகளை உடைய 16 குறிகளும் உண்டு. தனிக்கடிதமா, உடனே அனுப்ப வேண்டியதா, உரியவர் படித்துவிட்டாரா என்பவற்றையெல்லாம் அக்குறிகள் காட்டும். நிரல் ஒவ்வொரு கடிதமாக எடுத்து, பெறுபவர் பெயரைத் தன் பதிவேட்டில் உள்ள பெயர்களோடு ஒப்பிட வேண்டும். பெயரைத் தட்டெழுதியவர் மனிதர் என்பதால் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்தலாகாது. இடைவெளி ஒன்று கூடியிருந்தாலும் தள்ளிவிடலாகாது. பெயர் பொருந்தி, 'படித்தாயிற்று' என்ற குறியும் இல்லையென்றால், அவர் அன்றாடம் செல்லும் வேறு பலகையின் முகவரிக்கு ஒரு சிறு அறிவிப்புக் கடிதம் எழுதி வைக்க வேண்டும்.

1986 வாக்கில் இந்த வேலை பன்மடங்கு பெருகியது. டல்லாஸ் நகரைச் சேர்ந்த ஜெஃப் ரஷ் என்பவர் எக்கோமெயில் என்ற முறையை உருவாக்கியிருந்தார். ஒரு பலகையில் எழுதிய பொதுச் செய்தி, அந்தத் தலைப்பில் சேர்ந்துள்ள எல்லாப் பலகைகளுக்கும் எதிரொலிபோல் பரவும் முறை அது. நூற்றுக்கணக்கான செய்திகளுக்கு நடுவே ஒருவர் பெயருக்கு எழுதிய மறுமொழி ஒன்று புதைந்து கிடக்கும். அதைத் தேடி எடுத்து, இன்ன தலைப்பில் உங்களுக்கு மறுமொழி இருக்கிறது என்று சொல்வதில்தான் அறிவிப்பு நிரலின் அருமை நன்கு தெரிந்தது.

சொல்லியாயிற்று, மறுநாளும் நிரல் ஓடும். நேற்றுச் சொன்ன கடிதம் இன்னும் பெட்டியிலேயே இருக்கிறது. மறுபடியும் சொல்லலாமா? கூடாது. அப்படியானால் நேற்றுச் சொன்னதை நிரல் நினைவில் வைத்திருக்க வேண்டும். எளிய வழி, கடைசியாகப் பார்த்த கடிதத்தின் வரிசை எண்ணைக் குறித்து வைப்பது. பழைய நிரல்கள் பல அப்படித்தான் செய்தன. ஆனால் பலகைக்காரர் பழைய கடிதங்களை நீக்கி, எஞ்சியவற்றுக்கு ஒன்றிலிருந்து புதிதாக எண் இடுவது உண்டு. நேற்று 140 வரை பார்த்தோம் என்று நிரல் குறித்திருக்க, இன்று பெட்டியில் இருப்பதோ 60 கடிதங்கள்தாம். புதிய கடிதங்கள் 141-ஐ எட்டும்வரை நிரல் வாய் திறக்காது! இதற்கு மாற்றாகவே ஒவ்வொரு கடிதத்துக்கும் தனி அடையாளம் இடும் வழக்கம் வந்தது. பிறந்த பலகையின் முகவரியும் 8 இலக்கத் தொடர் எண்ணும் சேர்ந்தது அந்த அடையாளம். ஒரு பலகை ஒருமுறை பயன்படுத்திய தொடர் எண்ணை மூன்று ஆண்டுகளுக்கு மீண்டும் பயன்படுத்தலாகாது என்பது விதி. நிரல் இந்த அடையாளங்களை ஏட்டில் பதிந்து வைத்தால் கடிதம் எங்கே இடம் மாறினாலும் குழப்பம் இல்லை.

ஏட்டில் பதிவது முதலிலா, அறிவிப்பை எழுதுவது முதலிலா? அற்பக் கேள்வியாகத் தோன்றும். இரண்டுக்கும் இடையே மின்சாரம் நின்றுவிட்டது என்று கொள்ளுங்கள். முதலில் ஏட்டில் பதிந்திருந்தால் அறிவிப்பு என்றைக்குமே போகாது. அவருக்குச் சொல்லியாயிற்று என்று ஏடு சாதிக்கும். முதலில் அறிவிப்பை எழுதியிருந்தால், நாளை அதே அறிவிப்பு இரண்டாம் முறை போகும். ஒருமுறைக்கு இருமுறை கேட்பவர் சிறிது சலித்துக்கொள்வார். ஒருமுறையும் கேளாதவர் கடிதத்தையே இழப்பார். ஆகவே முதலில் அறிவிப்பு, பிறகு ஏடு என்பதே என் கருத்து.

இப்போது முன்னர்க் குறிப்பிட்ட சிக்கலுக்கு வருகிறேன். நம் பலகையில் அறிவிப்பு நிரல் ஒன்று இருக்கிறது. கடிதம் வந்தால், "உங்கள் கடிதம் கிடைத்தது" என்று அனுப்பியவருக்கும் அது எழுதுமாறு அமைத்திருக்கிறோம். மறுமுனையிலும் அத்தகைய நிரல் ஒன்று இருக்கிறது. நம் நிரலின் கடிதம் அங்கே போகிறது. அதுவும் ஒரு கடிதம்தானே? "உங்கள் கடிதம் கிடைத்தது" என்று அந்த நிரல் பதில் எழுதுகிறது. அதற்கு நம் நிரல் மறுபதில் எழுதுகிறது. இரண்டு இயந்திரங்களும் சலிப்பின்றி, உறக்கமின்றி, ஒன்றுக்கொன்று உபசாரம் சொல்லிக்கொண்டே இருக்கும். வேடிக்கைதான், ஆனால் ஒவ்வோர் அழைப்புக்கும் தொலைபேசிக் கட்டணம் செலுத்துபவர் பலகையை நடத்தும் தனிமனிதர். அவருக்கு இதில் வருமானம் ஏதும் பெரும்பாலும் இல்லை. இரவுக்கு ஒரு முறை மட்டுமே கடிதம் போன வலையில் இந்த வீண் உரையாடல் மெதுவாகத்தான் வளரும். 'உடனே அனுப்புக' என்ற குறியோடு அறிவிப்பை அனுப்பத் தொடங்கினால் மாதக் கடைசியில் வரும் பில்லைப் பார்த்துத்தான் அவர் விழித்தெழ வேண்டியிருக்கும். கடிதத் தலைப்பின் அளவுகளை வகுத்தவர்கள் இதை முன்னரே எண்ணிப் பார்த்தது வியப்புக்குரியது. 16 குறிகளுள் ஒன்று "இதற்கு ஒப்புகை வேண்டும்" என்பது. அதற்கு அடுத்ததாகவே "இது ஓர் ஒப்புகை" என்று மற்றொரு குறியை வைத்தார்கள். அந்தக் குறியுள்ள கடிதத்துக்கு எந்த நிரலும் ஒப்புகை எழுதலாகாது. ஒரே ஒரு பிட் இடம் போதுமானதாக இருந்தது.

குறியிட மறந்த நிரல்களும் உண்டு அல்லவா? அவற்றுக்காக வேறு காவல்களும் வேண்டும். ஏரியாஃபிக்ஸ் போன்ற இயந்திரப் பெயர்களில் வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதாதிருப்பது ஒன்று. ஒருவருக்கு ஓர் இரவில் பத்துக் கடிதம் வந்தாலும் ஒரே அறிவிப்பில் அடக்கிச் சொல்வது மற்றொன்று. பெர்க்லியிலிருந்து வந்த மற்றொரு நிரல், விடுமுறையில் சென்றவருக்குப் பதிலாக மறுமொழி எழுதுவது, ஒரே மனிதருக்கு வாரத்தில் ஒருமுறைக்கு மேல் எழுதாது என்ற விதியைக் கொண்டிருந்தது.

அறிவிப்பில் என்ன எழுதலாம் என்பதும் ஆராய வேண்டியது. கடிதம் வழியில் பல பலகைகளில் தங்கிச் செல்லும். அங்கங்கே இருப்பவர் விரும்பினால் படிக்க முடியும். ஆகவே யாரிடமிருந்து, எந்த நாளில் என்ற அளவோடு அறிவிப்பு நிற்க வேண்டும். பொருள் வரியைக்கூடச் சேர்க்காதிருப்பதே நலம். "மருத்துவமனை முடிவு" என்ற இரண்டு சொல் போதும், ஒரு குடும்பத்தின் கவலை ஊருக்குத் தெரிந்துவிட.

வந்து சேர்ந்தும் படிக்கப்படாத கடிதத்துக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி ஒருமுறை நீதிமன்றத்துக்கே சென்றது. டெக்ஸாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகரில் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் என்ற விளையாட்டு வெளியீட்டு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்காக ஓர் அறிவிப்புப் பலகையை நடத்தி வந்தது. 1990 மார்ச் 1-இல் அமெரிக்க அரசின் சீக்ரட் சர்வீஸ் என்ற துறையினர் அங்கே சோதனையிட்டு, பலகை இருந்த கணிப்பொறியையும் எடுத்துச் சென்றார்கள். நிறுவனத்தின் மேல் குற்றச்சாட்டு எதுவும் பின்னர்த் தொடரப்படவில்லை. அந்த இயந்திரத்துக்குள் உரியவர்கள் இன்னும் படிக்காத 162 தனிக் கடிதங்கள் இருந்தன. 1993-இல் நீதிமன்றம் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மின்வழிச் செய்திகளின் அந்தரங்கத்தைக் காக்க 1986-இல் இயற்றிய சட்டத்தை அரசினர் மீறினர் என்றும், கடிதம் வைத்திருந்தவர்களுக்கும் இழப்பீடு உண்டு என்றும் கூறியது. ஆயினும் அக்கடிதங்கள் வழிமறிக்கப்பட்டவை என்ற வாதத்தை அது ஏற்கவில்லை. 1994-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. அவை வழியில் இல்லை, பெட்டியில் வந்து சேர்ந்துவிட்டன என்பது காரணம். அனுப்பியவர் கையைவிட்டுப் போய், பெறுபவர் கைக்கும் வராத அந்த இடைவேளைக்குச் சட்டம் தனிப் பெயர் கொடுத்து, தனிக் காப்பும் கொடுத்தது. அறிவிப்பு நிரல் வேலை செய்வதும் அந்த இடைவேளையில்தான்.

அமைத்து முடித்த நிரலைச் சோதிப்பது எளிது. உங்களுக்கே ஒரு கடிதம் எழுதி நிரலை ஓட்டுங்கள். ஓர் அறிவிப்பு வர வேண்டும். எதையும் மாற்றாமல் இரண்டாம் முறை ஓட்டுங்கள்; ஒன்றும் வரக்கூடாது. பிறகு நிரல் எழுதிய அறிவிப்பையே அதன் முன் கடிதமாக இட்டு மூன்றாம் முறை ஓட்டுங்கள். அப்போதும் ஒன்றும் வரக்கூடாது. முதற்சோதனையை எல்லோரும் செய்வார்கள். மற்ற இரண்டையும் செய்யாமல் பலகையை வலையோடு இணைக்க வேண்டாம்.

1990-களின் நடுவில் ஃபிடோநெட்டில் 30,000-க்கு மேற்பட்ட பலகைகள் இருந்தன. இணையம் பரவியபின் அவை விரைவாகக் குறைந்தன. ஆயினும் இரண்டு இயந்திரங்கள் ஒன்றுக்கொன்று பதில் எழுதும் தொல்லை இணையத்துக்கும் உடன் சென்றது. அங்கே இரவுவரை காத்திருக்க வேண்டியதில்லை. நொடிக்கு நொடி பதில் பறக்கும். 2004-இல் இணையத்தின் பொறியாளர்கள் தானியங்கி மறுமொழிகளுக்கென்று ஒரு நெறிமுறையை வெளியிட்டார்கள். "இது இயந்திரம் எழுதியது" என்று கடிதத்தின் தலைப்பிலேயே குறிக்க வேண்டும், அக்குறியுள்ள கடிதத்துக்கு இயந்திரம் பதில் எழுதலாகாது என்பது அதன் சாரம். ஃபிடோநெட்டின் அந்த ஒற்றைப் பிட்டை இதில் நாம் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

ஃபிடோநெட் இன்றும் முற்றாக மறைந்துவிடவில்லை. ஆர்வலர்கள் சிலர் இணையத்தின் வழியாகவே தங்கள் பலகைகளை இணைத்து வைத்திருக்கிறார்கள். கடிதங்கள் வந்த வேகத்தில் போகின்றன, தொலைபேசிக் கட்டணம் என்ற பேச்சே இல்லை. ஆனால் 1989-இல் எழுதிய அவர்களுடைய விதிநூலில் கடிதப் பரிமாற்றத்துக்கென ஒதுக்கிய அந்த ஒரு மணி நேரம் இன்னும் நீக்கப்படாமல் இருக்கிறது.